பலூனுக்குத் தெரியாத வித்தை!

ரத்தக் குழாயைக் காப்பியடிக்க முடியுமா? பழனி படிக்கட்டிலிருந்து சென்னை லேப் வரைக்கும் ஒரு ரவுண்டு...

பழனி மலைக்கு எத்தனை படி? உங்க பாட்டியைக் கேட்டா டக்குனு சொல்லுவாங்க, 693! சரி, இன்னொரு கேள்வி. வின்ச்சும் வேணாம், ரோப் காரும் வேணாம்னு அத்தனை படியையும் நீங்க நடந்தே ஏறும்போது, உடம்புக்குள்ள ஓவர் டைம் பார்க்கிறது யார்?

'இதயம்'னு சொன்னீங்கன்னா பாதி மார்க்தான். மீதிப் பாதி ரத்தக் குழாய்களுக்கு.

கொஞ்சம் கணக்கு போடுவோம், பயப்படாதீங்க. சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிஷத்துக்கு 72 தடவை துடிக்குதுன்னு வெச்சுக்குங்க. ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்பு. ஒரு வருஷத்துக்கு சுமார் 3.78 கோடி! ஒவ்வொரு துடிப்பிலும் கிட்டத்தட்ட 70 மில்லி ரத்தம் வெளியே போகுது. அதாவது நிமிஷத்துக்கு 5 லிட்டர். படி ஏறும்போது இது ரெண்டு, மூணு மடங்குகூட ஆகும். இத்தனை கோடி தடவையும் உங்க தமனி கொஞ்சம் விரியுது, பழைய அளவுக்குத் திரும்புது. லீவு கிடையாது, சர்வீஸ் கிடையாது, பார்ட்ஸ் மாத்துற வேலையும் கிடையாது.

இப்படி ஒரு குழாயை மனுஷன் செஞ்சு காட்ட முடியுமா? இந்த ஒரு கேள்விக்குப் பின்னாடி மெக்கானிக்கல், டெக்ஸ்டைல், கெமிக்கல், எலக்ட்ரானிக்ஸ்னு எல்லா டிபார்ட்மென்ட்காரங்களும் வரிசையில நிக்கிறாங்க. ஏன்னா, பார்க்க ஒரே மாதிரி இருக்கிற குழாயைச் செய்யறது ரொம்ப ஈஸி. ஒரே மாதிரி *நடந்துக்கிற* குழாயைச் செய்யறதுதான் கஷ்டம்!

முதுகுல மாட்டின ஸ்பிரேயர்

கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை, மன்னவனூர் பக்கம் போயிருக்கீங்களா? மலைச்சரிவுல படிப்படியா வெட்டின வயல்கள். கேரட், உருளைக்கிழங்கு, பூண்டு. அந்த மாதிரி வயல்ல, முதுகுல ஸ்பிரேயர் மாட்டிக்கிட்டு மருந்து அடிக்கிறவங்களைக் கவனிச்சுப் பாருங்க. பேட்டரி மாடல் இல்லைங்க, கையால நெம்புற பழைய மாடல்.

ஒரு கை நெம்புகோலை மேலும் கீழும் விட்டுவிட்டு ஆட்டுது. ஆனா இன்னொரு கையில இருக்கிற நாசில்ல மருந்து விட்டுவிட்டு வர்றதில்லை, சீரா வருது. எப்படி? உள்ளே ஒரு அழுத்த அறை இருக்கு. நெம்பும்போது அங்கே இருக்கிற காற்று அமுங்கும். நெம்பாத நேரத்துல அது விரிஞ்சு மருந்தைத் தள்ளும். அவ்வளவுதான் ரகசியம்.

இதயத்திலிருந்து கிளம்புற பெருந்தமனி செய்யறதும் இதே வேலைதான். ஒரே வித்தியாசம், அங்கே காற்று இல்லை. குழாயோட சுவரே விரிஞ்சு, ரத்தத்தைக் கொஞ்சம் தேக்கி வெச்சு, இதயம் ஓய்வெடுக்கிற நேரத்துல முன்னே தள்ளுது. 1899-ல ஜெர்மனியைச் சேர்ந்த ஓட்டோ ஃபிராங்க் இதைக் கணிதமா எழுதிக் காட்டினார். அவர் உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது, பழைய காலத்துத் தீயணைப்பு பம்ப்புல இருந்த காற்று அறையை!

இப்போ அந்தச் சுவர் விறைச்சுப் போச்சுன்னு வைங்க. அழுத்த அறை கெட்டுப்போன ஸ்பிரேயர் கதைதான். ஒவ்வொரு துடிப்பும் சம்மட்டி அடி மாதிரி நேரா இறங்கும். பிரஷர் சீட்டுல மேல் எண் ஏறும். இதயம் அதிகமா முக்கித் தள்ளணும். மூளையிலும் சிறுநீரகத்திலும் இருக்கிற மெல்லிய குழாய்கள் அந்த அடியை வாங்கணும்.

பிரஷர் எண்ணைப் பத்தியும் ஒரு வார்த்தை. 120 மில்லிமீட்டர் பாதரசம்னா தண்ணிக் கணக்குல சுமார் 163 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு ஆள் உயரம். ஸ்டீஃபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குதிரையோட தமனியில கண்ணாடிக் குழாயைச் சொருகி, ரத்தம் எட்டடிக்கு மேல ஏறினதை அளந்து 1733-ல புத்தகமா வெளியிட்டார். அப்புறம்தான் பாதரசம் வந்தது. பாதரசம்னாலே கொடைக்கானல்காரங்களுக்கு 2001-ல மூடின தெர்மாமீட்டர் தொழிற்சாலையும், மண்ணுல கலந்த நஞ்சும்தான் ஞாபகத்துக்கு வரும். மருத்துவமனைகள்ல இருந்தும் அது மெல்ல விடைபெற்றுக்கிட்டிருக்கு. ஆனா அந்த அளவு மட்டும் பிரஷர் சீட்டுல தங்கிடுச்சு. அந்த எண் அழுத்தத்தைச் சொல்லும், சரி. குழாயோட சுவர் எந்த நிலைமையில இருக்குன்னு சொல்லுமா? நேரடியா சொல்லாது. சுவரை அறியணும்னா வேற வழி வேணும்.

ஊதுங்க பார்ப்போம்!

கடையில நீளமான பலூன் ஒண்ணு வாங்கிக்குங்க. ஊதுங்க. முதல் மூச்சுக்குக் கன்னமே வலிக்கும். கொஞ்சம் விரிஞ்சதும் சட்டுனு ஈஸி ஆயிடும். அப்புறம் ஒரு வேடிக்கை நடக்கும். ஒரு இடத்துல மட்டும் குண்டா புடைச்சுக்கும், மீதிப் பலூன் ஒல்லியா அப்படியே இருக்கும். மேல மேல ஊதினா, அந்தப் புடைப்புதான் வளரும்.

ரப்பரோட குணம் அது. ஆரம்பத்துல முரண்டு பிடிக்கும், நடுவுல விட்டுக் கொடுக்கும், பல மடங்கு நீண்ட பிறகுதான் திரும்ப விறைக்கும். உங்க தமனி இப்படி நடந்துக்கிட்டா என்ன ஆகும்? எங்கேயாவது ஒரு இடத்துல புடைச்சுக்கும். அந்த வியாதிக்கு 'அனியூரிசம்'னு பேர். வெடிச்சா உயிருக்கே ஆபத்து. ஆரோக்கியமான தமனி அப்படிப் புடைக்கிறதில்லை. ஏன்னா அதோட குணம் நேர் எதிர்: முதல்ல இளகிக் கொடுக்கும், விரிய விரிய முறைக்கும்!

வீட்டுலயே இதுக்கு ஒரு உதாரணம் இருக்கு. பைஜாமா இடுப்புல போடுற எலாஸ்டிக் பட்டையை இழுத்துப் பாருங்க. முதல்ல சுகமா நீளும். ஒரு எல்லை வந்ததும் நின்னுடும், அதுக்கு மேல என்ன இழுத்தாலும் வராது. உள்ளே இருக்கிறது ரப்பர். அதைச் சுத்திப் பின்னியிருக்கிற நூல் முதல்ல தொளதொளன்னு சும்மா இருக்கு. பட்டை நீண்டதும் நூல் இறுகி, 'போதும், நில்லு'ன்னு பிடிச்சுக்குது.

தமனிச் சுவர்லயும் இதே மாதிரி ரெண்டு பேர் இருக்காங்க. ரப்பர் வேலை பார்க்கிறவர் எலாஸ்டின். நூல் வேலை பார்க்கிறவர் கொலாஜன். கொலாஜன் இழைகள் சாதாரணமா அலை அலையா சுருண்டு கிடக்கும். குழாய் விரியும்போது ஒவ்வொண்ணா நிமிர்ந்து பாரத்தைத் தாங்கும். எலாஸ்டினைவிட கொலாஜன் பல நூறு மடங்கு விறைப்பானது. இழுவிசைக்கும் நீட்சிக்கும் கிராஃப் போட்டா, ஆங்கில 'ஜே' எழுத்து மாதிரி முதல்ல படுத்துக்கிடந்து, அப்புறம் செங்குத்தா எழும்பும்.

இதை நிரூபிச்ச விதம் செம! 1957-ல கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்துல மார்கோ ரோச், ஆலன் பர்ட்டன்னு ரெண்டு பேர் மனிதத் தமனித் துண்டுகளை எடுத்துக்கிட்டாங்க. டிரிப்சின் என்ற நொதியால எலாஸ்டினைக் கரைச்சுட்டு இழுத்துப் பார்த்தா, கிராஃபோட செங்குத்தான பகுதி மட்டும் மிச்சம். ஃபார்மிக் அமிலத்தால கொலாஜனை எடுத்துட்டு இழுத்துப் பார்த்தா, படுத்துக்கிடந்த பகுதி மட்டும் மிச்சம். யார் எந்த வேலை பார்க்கிறாங்கன்னு பளிச்சுனு தெரிஞ்சுபோச்சு. அப்போ ரோச்சுக்கு வயசு இருபதுகளோட ஆரம்பம், கிட்டத்தட்ட நம்ம செட்!

இன்னொரு சேதி. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பர்ல 'யங் மாடுலஸ்'னு மனப்பாடம் பண்றோமே, அந்தத் தாமஸ் யங் தொழிலால ஒரு டாக்டர். 1808-ல லண்டன் ராயல் சொசைட்டியில இதயமும் தமனிகளும் எப்படி வேலை செய்யுதுன்னு உரை நிகழ்த்தியவர். நாம பாலத்துக்கும் பீமுக்கும் போடுற கணக்குக்கும் நாடித் துடிப்புக்கும் அப்பவே சொந்தம் இருந்திருக்கு!

மேசை மேல ஒரு கழுத்து

'சரிப்பா, நிஜத் தமனி இருக்கும்போது போலித் தமனி எதுக்கு?'ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி.

சென்னை ஐ.ஐ.டி.க்கு வாங்க. அங்கே இருக்கிற ஹெல்த்கேர் டெக்னாலஜி இன்னோவேஷன் சென்டர்ல ஜெயராஜ் ஜோசப், மோகனசங்கர் சிவப்பிரகாசம் குழுவினர் 'ஆர்ட்சென்ஸ்'னு ஒரு கருவியை உருவாக்கியிருக்காங்க. கழுத்துல ஓடுற தமனி எவ்வளவு விறைப்பா இருக்குன்னு, ஊசி குத்தாம அளக்கிற கருவி. வழக்கமான ஸ்கேன் மெஷின்ல படம் வரும். அந்தப் படத்தைப் பார்த்து அளக்கப் பழகின ஆள் வேணும். ஆர்ட்சென்ஸ்ல படமே கிடையாது. ஒரே ஒரு அல்ட்ராசவுண்டு கதிர் உள்ளே போய் எதிரொலிச்சுத் திரும்பும். அந்த எதிரொலியில தமனியோட முன்சுவர் எது, பின்சுவர் எதுன்னு சாஃப்ட்வேரே கண்டுபிடிச்சு, ஒவ்வொரு துடிப்புக்கும் குழாய் எவ்வளவு விரியுதுன்னு கணக்கு போடும். 5,000-க்கும் மேற்பட்டவங்ககிட்ட சோதிச்சிருக்காங்கன்னு 2022-ல அறிவிப்பு வந்தது.

இந்த மாதிரிக் கருவி சொல்றது சரியா, தப்பான்னு எப்படிச் சரிபார்க்கிறது? மளிகைக் கடைத் தராசைச் சோதிக்க முத்திரை குத்தின எடைக்கல் வேணும் இல்லையா? அது மாதிரி, 'இதோட விறைப்பு இவ்வளவு'ன்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு குழாய் வேணும். உங்க கழுத்தை அறுத்து அளந்து பார்க்க முடியாதே! அதனால மேசை மேல ஒரு போலிக் கழுத்தைச் செய்யறாங்க. ஒரு குழாய், துடிப்புத் துடிப்பா தள்ளுற பம்ப், ரத்தத்துக்குப் பதிலா கிளிசரினும் தண்ணியும் கலந்த திரவம். ரத்தம் தண்ணியைவிட மூணு, நாலு மடங்கு கெட்டியா ஓடும். நூத்துக்குச் சுமார் நாப்பது பங்கு கிளிசரின் கலந்தா கிட்டத்தட்ட அந்தப் பதம் வந்துடும். இந்த அமைப்புக்கு லேப் பாஷையில 'ஃபேன்டம்'னு பேர்.

குழாயோட விறைப்புக்கும் நாடி அலையோட வேகத்துக்கும் ஒரு சூத்திரம் இருக்கு. 1878-ல வந்த மோயென்ஸ், கோர்ட்டவெக் சூத்திரம். சுருக்கமா சொன்னா, சுவரோட யங் மாடுலஸ் நாலு மடங்கு ஆனா அலையோட வேகம் ரெண்டு மடங்கு ஆகும். ஒரு உதாரணக் கணக்கு: 7 மில்லிமீட்டர் விட்டம், 0.7 மில்லிமீட்டர் சுவர், மாடுலஸ் 0.5 மெகாபாஸ்கல்னா அலை விநாடிக்கு சுமார் 7 மீட்டர் வேகத்துல ஓடும். அதே அளவுல, 2 மெகாபாஸ்கல் விறைப்புள்ள சிலிகான்ல குழாய் செஞ்சா, வேகம் கிட்டத்தட்ட 14 மீட்டர்!

இதுல என்ன இருக்குங்கிறீங்களா? கழுத்துத் தமனிக்கும் தொடைத் தமனிக்கும் நடுவுல விநாடிக்கு 10 மீட்டருக்கு மேல அலை ஓடினா உஷாராகணும்னு 2012-ல ஐரோப்பிய நிபுணர் குழு சொல்லியிருக்கு. ஆக, கைக்குக் கிடைச்ச சிலிகான் குழாயை மாட்டி 'இதுதான் இருபது வயசுப் பையனோட தமனி'ன்னு சொன்னா, மேசை மேல இருக்கிறது உண்மையில ஒரு தாத்தா! அதை நம்பிக் கருவியைச் சரி பண்ணினா, நிஜ மனுஷங்களுக்கு வர்ற ரிசல்ட் என்ன லட்சணத்துல இருக்கும்? போலி சரியா இருந்தாதான் உண்மை சரியா தெரியும்.

மேசைச் சோதனையோட அருமைக்கு நம்ம பக்கத்து ஊர்லயே சாட்சி இருக்கு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்துல டாக்டர் எம்.எஸ்.வலியத்தான் தலைமையில செயற்கை இதய வால்வு செஞ்சாங்க. முதல் மூணு டிசைன்கள் ஆய்வுக் கட்டத்துலயே தோத்துப்போச்சு. நாலாவதுதான் நின்னுச்சு. 1990 டிசம்பர் 6-ம் தேதி முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அதுக்கப்புறம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவங்களுக்கு அந்த வால்வு போயிருக்கு. அந்த மூணு தோல்வியும் நோயாளி வரைக்கும் போகாம லேப்லயே முடிஞ்சதுதான் இதுல பெரிய விஷயம்!

கொடைக்கானல் குக்கர், வீட்டு ஃப்ரீசர்

இப்போ சமையல் நேரம். போலித் தமனிக்கு ஆராய்ச்சியாளர்கள் அதிகம் விரும்புற பொருள்கள்ல ஒண்ணு பாலிவினைல் ஆல்கஹால். பேரைக் கேட்டுப் பயப்படாதீங்க. நூல் மில்கள்ல பாவு நூலுக்குக் கஞ்சி போட உபயோகிக்கிற பொருள்தான்.

செய்முறை இதுதான். பத்து பங்கு பவுடரை தொண்ணூறு பங்கு தண்ணியில, 90 டிகிரிக்கு மேல சூடு பண்ணிக் கலக்கிக்கிட்டே கரைக்கணும். வெளியே ஒரு குழாய், நடுவுல ஒரு கம்பி. ரெண்டுக்கும் இடையில இருக்கிற சந்துல இந்தக் கரைசலை ஊத்தணும். அப்புறம் மைனஸ் 20 டிகிரியில உறைய வைக்கணும், மெதுவா உருக விடணும். இது ஒரு சுற்று. உறையும்போது தண்ணி பனிக்கட்டியாகி, பாலிமர் இழைகளை ஓரமா நெருக்கித் தள்ளுது. நெருங்கின இழைகள் அங்கங்கே முடிச்சு போட்டுக்குது. உருகினதும் தண்ணி பழையபடி தண்ணி ஆகுது, முடிச்சு மட்டும் அவிழறதில்லை. கெமிக்கல் எதுவும் சேர்க்காமலே ஜெல்லி ரெடி!

அழகே இனிமேதான். ஒவ்வொரு சுற்றுக்கும் முடிச்சு கூடும், விறைப்பு ஏறும். ஒரு சுற்றுல எடுத்தா தளதளன்னு இருக்கும். அஞ்சாறு சுற்று போனா நல்லா முறுக்கேறிடும். ஒரே பாத்திரத்துக் கரைசல்ல இருந்து இளசும் செய்யலாம், முதுசும் செய்யலாம்!

கொடைக்கானல் வாசகர்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் குறிப்பு. உங்க ஊர் சுமார் 2,133 மீட்டர் உயரத்துல இருக்கு. 300 மீட்டருக்கு ஒரு டிகிரின்னு குறைச்சுக்கிட்டே வந்தா, அங்கே தண்ணி 93 டிகிரியிலேயே கொதிச்சுடும். பருப்பு வேக குக்கரைத் தேடுறீங்களே, காரணம் இதுதான். இந்தக் கரைசலுக்கும் திறந்த பாத்திரம் விளிம்புலதான் தப்பிக்கும், மூடி இறுகின பாத்திரம் நல்லது. 'எங்க ஊர்ல டிசம்பர், ஜனவரியில புல்லு மேல உறைபனியே விழுமே, ஃப்ரீசர் எதுக்கு?'ன்னு கேட்காதீங்க. உறைபனி பூஜ்யம் டிகிரி பக்கத்துல வந்து நின்னுடும். இந்தப் பண்டத்துக்கு அது பத்தாது.

இதுலயும் ஒரு சிக்கல் பாக்கி இருக்கு. இப்படிச் செஞ்ச குழாய் நிஜத் தமனி மாதிரி மென்மையா இருக்கும், சரி. ஆனா 'ஜே' வளைவு? நீளவாக்குல ஒரு குணம், குறுக்குவாக்குல ஒரு குணம்னு தமனிக்கு இருக்கே, அது? 2006-ல அதே வெஸ்டர்ன் ஒன்டாரியோவுல ஒரு குழு அருமையான தந்திரம் பண்ணினாங்க. ஜெல்லியை ஒரு திசையில இழுத்துப் பிடிச்ச நிலையிலேயே அடுத்தடுத்த சுற்றுகளுக்கு உறைய விட்டாங்க. இழைகள் அந்தத் திசையில வரிசையா அமைஞ்சுது. பன்றியோட பெருந்தமனி ரெண்டு திசையிலும் காட்டுற குணத்துக்கு ரொம்பப் பக்கத்துல வந்துடுச்சு!

திருப்பூர் பனியன் ஃபார்முலா

பழனியில பஸ் ஏறி தாராபுரம் வழியா போனா திருப்பூர். அங்கே பின்னுற பனியன் துணியில ஒரு துண்டை எடுத்து இழுத்துப் பாருங்க. முதல்ல நூல் வளையங்கள் திறந்து கொடுக்கும், துணி சுலபமா நீளும். வளையங்கள் எல்லாம் நிமிர்ந்ததும், நூலையே இழுக்கிற மாதிரி இறுகிடும். எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கா? அதே 'ஜே' வளைவு! தறியில நெய்த சட்டைத் துணி இவ்வளவு இடம் கொடுக்காது.

அதனாலதான் இந்தத் துறையில டெக்ஸ்டைல்காரங்களுக்குத் தனி மரியாதை. மென்மையான ஜெல்லியோ சிலிகானோ எலாஸ்டின் வேலையைப் பார்க்கும். அதுக்குள்ள அலை அலையா புதைச்ச நூலோ, பின்னல் துணியோ கொலாஜன் வேலையைப் பார்க்கும். ரெண்டு பேரும் சேர்ந்தாதான் தமனி. ஒரே பொருள்ல ரெண்டு குணத்தையும் தேடுறதைவிட, எலாஸ்டிக் பட்டைக்காரர் மாதிரி யோசிக்கிறது புத்திசாலித்தனம்!

துணிக்கும் ரத்தக் குழாய்க்கும் உள்ள உறவு ரொம்பப் பழசு. அமெரிக்காவுல ஆர்தர் வூரிஸ் பாராசூட் துணியில குழாய் தைத்து, நாய்கள்ல வெச்சுப் பார்த்து 1952-ல வெளியிட்டார். அதே காலகட்டத்துல மைக்கேல் டெபேக்கி கடைக்கு நைலான் வாங்கப் போனாராம். நைலான் தீர்ந்துபோனதால டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வாங்கிட்டு வந்து, மனைவியோட தையல் மெஷின்லயே குழாய் தைத்ததா அவரே சொல்லியிருக்கார். இன்னிக்கும் பெருந்தமனியில அடிபட்ட பகுதிக்குப் பதிலா வைக்கிற குழாய் பெரும்பாலும் பாலியெஸ்டர்தான்.

கிளாம்ப் போட்ட இடம்

பெரிய குழாய்க்குத் துணி சரி. சின்னக் குழாய்க்கு? அங்கேதான் உலகமே தடுமாறுது.

இந்தியாவோட முதல் இதய பைபாஸ் ஆபரேஷன் 1975-ல நம்ம சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில நடந்தது. செஞ்சவர் டாக்டர் கே.எம்.செரியன். அடைச்சுப்போன இதயத் தமனிக்குப் பக்கத்துல ஒரு மாற்றுப்பாதை போடுறதுதான் பைபாஸ். அந்த மாற்றுப்பாதைக்குக் குழாய் எங்கேயிருந்து வருது? பெரும்பாலும் நோயாளியோட கால்ல இருந்து எடுத்த சிரை! நெஞ்சுல ஆபரேஷன் ஆனவங்க கால்லயும் தையல் இருக்கிறதை உங்க சொந்தக்காரங்க யார்கிட்டயாவது பார்த்திருப்பீங்க.

'கடையில விக்கிற செயற்கைக் குழாயை வெச்சா கால் தப்பிக்குமே?' தப்பிக்கும்தான். ஆனா 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனா, செயற்கைக் குழாய்கள் சீக்கிரம் அடைச்சுக்குது. இதயத் தமனியோ டெட்ரா பேக் ஜூஸ் ஸ்ட்ரா கனம்கூட இருக்காது. ரத்தம் உறையறது ஒரு காரணம். இன்னொரு காரணம், நம்ம கதாநாயகன் விறைப்பு.

மலைச்சரிவுல ஊற்றுத் தண்ணிக்கு ஹோஸ் போட்டிருக்கிற விவசாயி யாரையாவது கேளுங்க, 'ஹோஸ் முதல்ல எங்கே கிழியும்?'னு. 'இரும்புக் குழாயில கிளாம்ப் போட்டு மாட்டின இடத்துலதான்'னு சொல்லுவார். மென்மையானதும் விறைப்பானதும் சேர்ற இடத்துலதான் எல்லா அழுத்தமும் குவியும். உடம்புலயும் அப்படித்தான். விரியுற தமனியையும் விரியாத செயற்கைக் குழாயையும் தைச்ச இடத்துல, ஒவ்வொரு துடிப்புக்கும் இழுபறி. நாடி அலை அங்கே மோதி எதிரொலிக்குது, ரத்த ஓட்டம் குழம்புது. குழாய் கிழியறதுக்குப் பதிலா உள்சுவர் தடிச்சு வளர்ந்து, பாதையையே அடைச்சுடுது.

கால் சிரையும் தமனி வேலைக்குப் பிறந்தது இல்லை. பைபாஸ்ல வெச்ச சிரைகள்ல கிட்டத்தட்ட பாதி, பத்து வருஷத்துல அடைச்சுடுதுன்னு சொல்றாங்க. ஆனா மார்புக்கூட்டுக்கு உள்ளே ஓடுற ஒரு தமனியைத் திருப்பி விட்டா, பத்து வருஷம் கழிச்சும் பத்துல ஒன்பது திறந்தே இருக்குது. அது எலாஸ்டின் நிறைஞ்ச அசல் தமனி! இதைவிடப் பெரிய சாட்சி வேணுமா?

2024 டிசம்பர்ல ஒரு நல்ல சேதி. மனித செல்களை லேப்ல வளர்த்து, அது நெய்து கொடுத்த கொலாஜன் குழாயிலிருந்து செல்களைக் கழுவி எடுத்துட்டு, அந்தக் குழாயை மட்டும் நோயாளிக்குப் பொருத்துற முறைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. கை, கால்ல அடிபட்டுத் தமனி அறுந்தவங்களுக்கு மட்டும்தான் இப்போதைக்கு. விட்டமும் 6 மில்லிமீட்டர். அதாவது உலகம் வாசல்படி வரைக்கும் வந்தாச்சு. இதயத் தமனியோட 3, 4 மில்லிமீட்டர் என்ற உள் அறைக்கு இன்னும் போகலை.

நீங்களே செஞ்சு பாருங்க!

லேப் வேணாம், ஒரு சாயங்காலம் போதும்.

ஒரு ரப்பர் பேண்டு, அதே நீளத்துக்கு எலாஸ்டிக் பட்டை, ஒரு துண்டு பனியன் துணி, ஒரு ஸ்கேல், ஒரு காலி பாட்டில், அளவு டம்ளர். ஒவ்வொண்ணையும் ஆணியில தொங்க விட்டு, கீழே பாட்டிலைக் கட்டுங்க. 100 மில்லி தண்ணி ஊத்தினா 100 கிராம் எடை. ஊத்த ஊத்த நீளத்தைக் குறிச்சுக்கிட்டே வாங்க. எவ்வளவு நீண்டுதுங்கிறதைக் கிடைமட்டத்துலயும், எடையைச் செங்குத்துலயும் வெச்சு கிராஃப் போடுங்க. ரப்பர் பேண்டு வளையுற விதமும், மத்த ரெண்டும் வளையுற விதமும் ஒண்ணா இருக்காது. எது தமனிக்கு அண்ணன் தம்பின்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்க. ரப்பர் பேண்டு அறுந்து முகத்துல அடிக்காம தள்ளி நில்லுங்க.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் தேடுறவங்களுக்கு: டெக்ஸ்டைல்னா பின்னல் குழாய், கெமிக்கல்னா ஜெல்லி, மெக்கானிக்கல்னா துடிப்பு பம்ப், எலக்ட்ரானிக்ஸ்னா அலை வேகத்தை அளக்கிற சென்சார். நாலு டிபார்ட்மென்ட் கேன்டீன்ல ஒரே டேபிள்ல உட்கார்ந்தா, ஒரு போலித் தமனிக்கு டீம் ரெடி. பாலிவினைல் ஆல்கஹாலை மட்டும் அம்மாவோட சமையல் பாத்திரத்துல காய்ச்சாதீங்க, காலேஜ் லேப்ல ஆசிரியர் முன்னாடி செய்யுங்க.

அப்புறம் ஒண்ணே ஒண்ணு. உடம்பு தனக்கு வேணும்கிற எலாஸ்டினை பெரும்பாலும் சின்ன வயசுலயே போட்டு முடிச்சுடுது. அதுக்கப்புறம் புதுசா சேர்றது ரொம்பக் கம்மி. உங்க அப்பாவுக்கும் சரி, உங்களுக்கும் சரி, முதல் தவணையில வந்த சரக்குதான் கடைசி வரைக்கும். சிகரெட்டும், கவனிக்காம விட்ட பிரஷரும், சுகரும் அந்த இருப்பைத்தான் கரைக்குது. லீவுக்கு வீட்டுக்குப் போனா அப்பாவோட பிரஷரை ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்க. அந்த 4 மில்லிமீட்டர் குழாயை நம்மள்ல யாராவது செஞ்சு முடிக்கிற வரைக்கும், அவர்கிட்ட இருக்கிற ஒரிஜினலுக்கு ஸ்பேர் கிடையாது.